கடல்மேல் ஓர் உபசரிப்பு

பெரியோர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைகளும் அலுவலகத்தில் கடிதங்களும் எழுதியதைத் தவிர எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. கதை எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும் இந்த ஊரில் நானும் எழுத முன்வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை உணர்கிறேன். அலங்காரமாகச் சொல்லத் தெரியாத காரணத்தால் நிகழ்ச்சிகளை அவை நடந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். கொடுமையான இடங்களை மென்மையாக்கிப் பார்த்தேன். மென்மையாக்கியபோது அவை பொய்யாகத் தோன்றின. ஆகவே, சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் வழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து சாப்பாட்டை முடித்துவிட்டு இதைப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ரோஷினி முதலில் கவனித்தது ஒரு பாயைத்தான்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். சாங்கிக்கும் புலாவ் உபினுக்கும் இடைப்பட்ட கடல், காயப்போட்ட சாம்பல்நிறப் போர்வையைப் போல மெல்லச் சுருங்கியும் விரிந்தும் கிடந்தது. தென்மேற்கிலிருந்து வீசிய காற்றில், அங்கங்கே திரிந்த சிறு படகுகளின் பாய்கள் அத்தனையும் உபின் தீவுப் பக்கமாகப் புடைத்திருந்தன. தொலைவில், மீன்பண்ணைகளின் மிதவைகளை ஒட்டி நின்ற ஒரே ஒரு படகின் பாய் மட்டும் கரைப்பக்கமாகப் புடைத்திருந்தது. அந்தப் படகுக்கு மட்டும் வேறொரு காற்று வீசுவதைப் போல.

தனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிடோக்கில் ஒரு பல் மருந்தகத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் புன்னகையுடன் பெயர் கேட்பது அவள் வேலை. பாய்மரப் படகில் ஏறுவது இதுவே முதல் முறை. உயிர்காப்பு அங்கியின் வார்கள் விலாவில் இறுக, இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், அங்க ஒரு படகு…" என்று தொடங்கினாள்.

"எந்தப் படகு?" சுக்கானைப் பிடித்திருந்த அலெக்சாண்டர் திரும்பினார். அவர் ரோஷினியின் கணவன் டாரியஸின் அண்ணன். ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். ஐம்பது வயதுக்குப் பிறகு ஆசைப்பட்டுப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்தப் பெருமையைக் காட்டவே தம்பி குடும்பத்தை அழைத்து வந்திருந்தார்.

"ஒன்னுமில்ல அத்தான்."

"டேய் டாரியஸ், உன் பொண்டாட்டியப் பாரு. ஊசி போட வந்தவங்க மாதிரியே உக்காந்திருக்கா. ரிலாக்ஸ் லா, ரோஷினி! படகு ஓடிப் போயிடாது."

"அவ எம்.ஆர்.டி. ரயில்ல சீட்டு கெடச்சாலும் கம்பிய விடமாட்டாண்ணே," என்றான் டாரியஸ்.

"எஸ்கலேட்டர்லயும் பயம், பெரியப்பா," என்றாள் ஒன்பது வயது அபிகேல், தாயின் மடியில் சாய்ந்தபடியே. மூவரும் சிரித்தார்கள். ரோஷினியும் சிரித்தாள். சிரித்தபடியே அவள் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து மகளின் அங்கிப் பட்டைக்குள் விரல்களை நுழைத்துக்கொண்டாள். அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண்ணை நனையாமல் கரையில் இறக்க வேண்டும்.

சற்றைக்கெல்லாம் காற்று நின்றது. படிப்படியாகக் குறையவில்லை, மின்விசிறியை யாரோ நிறுத்தியதைப் போல நின்றது. பாய் தளர்ந்து தொங்கியது. இதுவரை கயிறுகள் எழுப்பிக்கொண்டிருந்த மெல்லிய முனகலும், படகின் மூக்கு நீரைப் பிளக்கும் சலசலப்பும் இல்லாமல் போனபோதுதான் அவை இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று சக்கரங்களை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலே தாழ்வாகப் போயிற்று. அதன் நிழல் படகின் மீது ஏறி இறங்கியது. பிறகு வெயிலும், நீரில் பட்டுத் தெறிக்கும் வெள்ளை ஒளியும், டீசல் மணமும் மட்டுமே மிஞ்சின.

"காத்து லஞ்ச் பிரேக் எடுத்துக்கிச்சு," என்றார் அலெக்சாண்டர். "நாமளும் எடுத்துக்குவோம். பசிக்குது."

தேவாலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சிப் பிரியாணியும், ரோஷினி வீட்டில் செய்த வெங்காயப் பச்சடியும் பொரித்த கோழியும் இருந்தன. பொட்டலங்களைப் பிரித்ததும் ஏலக்காயும் நெய்யும் கலந்த மணம் படகு முழுவதும் பரவிற்று. போத்தல் நீரில் கை கழுவி, நெற்றியில் சிலுவையிட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அபிகேல் கோழித் துண்டை முதலில் எடுத்ததற்காகப் பெரியப்பாவிடம் செல்லமாகக் குட்டு வாங்கினாள். இரண்டாம் கவளத்தின்போது பிரியாணி மணத்துக்கு அடியில் வேறொரு வாடை ரோஷினியின் மூக்கில் ஏறியது. மீன் வாடை இல்லை. பல நாள் நீர் மாற்றாத பூச்சாடியைக் கவிழ்க்கும்போது எழும் வாடை.

அவள் நிமிர்ந்தாள்.

அந்தப் படகு பக்கத்தில் வந்திருந்தது.

காற்றே இல்லாத கடலில் அதன் பாய் இன்னும் புடைத்திருந்தது, அதே தவறான பக்கமாக. வந்த வழியில் நீர் கலைந்த தடம் ஏதும் இல்லை. அதில் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நம் இனத்து முகம். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவரைப் போல இருந்தார். அவர் இவர்களுடைய முகங்களைப் பார்க்கவில்லை. தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கையும் தட்டிலிருந்து வாய்க்குப் போகும்போது அவருடைய கண்களும் கூடவே போய்த் திரும்பின.

வாசகர்களுக்கு இந்தப் பழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நாம் சாப்பிடும்போது ஒருவர் பார்த்துவிட்டால், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லாமல் இருக்க நம்மால் முடியாது. பொங்கோலில் ரோஷினியின் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வராந்தாவில் போகிற எவரையும் அவள் அப்படித்தான் அழைப்பாள். அவர்கள், "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வருவதற்காக அழைப்பதில்லை. வருவதற்காக அழைக்கவில்லை என்பது அழைத்தவருக்கும் தெரியும், அழைக்கப்பட்டவருக்கும் தெரியும்.

"வாங்க சார், சாப்பிடலாம்!" என்று அலெக்சாண்டர் உரக்கச் சொன்னார்.

அந்த மனிதர் வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சற்றே தாழ்த்தினார். வேண்டாம் என்பதை இதைவிடப் பணிவாக யாரும் சொல்ல முடியாது.

"பாத்தியா, தமிழாள்தான்," என்றார் அலெக்சாண்டர் மகிழ்ச்சியாக. "கூச்சப்படாதீங்க லா சார், நெறைய இருக்கு! எங்க தம்பி வீட்டம்மா பத்து பேருக்குக் கோழி பொரிச்சிருக்காங்க!"

மறுபடியும் கை நெஞ்சுக்குப் போயிற்று. மறுபடியும் தலை தாழ்ந்தது.

அந்த மரியாதை ரோஷினியின் பயத்தைக் கொஞ்சம் தணித்தது. இரண்டு முறை மறுக்கத் தெரிந்தவர் நல்ல வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். பாயும் வாடையும் தன் மனத்தின் கோளாறு. அப்போது அவர் கண்கள் அபிகேலின் தட்டில் நிலைத்திருப்பதைப் பார்த்தாள். பெண் வாய் நிறையச் சோற்றுடன் அவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். அது ரோஷினிக்கு வெட்கமாக இருந்தது. முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"பெரியவங்க பாக்கும்போது இப்படியா முழிப்பாங்க? நீயும் சொல்லு."

"என்னம்மா சொல்லணும்?"

"பெரியப்பா சொன்னாரே, அதான். தமிழ்ல."

அபிகேல் சோற்றை விழுங்கினாள். சோறு ஒட்டிய வலது கையை நீட்டிக்கொண்டே, பள்ளியில் ஒப்பிப்பதைப் போலத் தெளிவாகச் சொன்னாள்:

"வாங்க அங்கிள். எங்ககூட சாப்பிடுங்க."

அந்த மனிதர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். எழுந்து நின்றார். சட்டையின் முன்புறத்தை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, வீட்டுப் படியிறங்குகிறவரைப் போலப் படகிலிருந்து கடலில் காலை வைத்தார்.

நீர் தெறிக்கவில்லை. அவர் இறங்கிய இடத்தில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"ஐயையோ, விழுந்துட்டாரு!" அலெக்சாண்டர் தட்டை உதறிவிட்டு எழுந்தார். மிதவை வளையத்தை வீசினார். அது தனியாக மிதந்தது. "பிரதர்! பிரதர்! டேய், போலீசுக்குப் போன் அடி!"

டாரியஸ் நெய்க் கையோடு கைபேசியை எடுத்தான். மலேசியா வரவேற்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி திரையில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அழைப்பு எதுவும் போகவில்லை. "சிக்னல் அந்தப் பக்கம் போயிடுச்சுண்ணே."

"யாராவது கத்துங்களேன்!"

அவர்கள் கத்தினார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த பாய்கள் எல்லாம் ஒளியில் நடுங்கிக்கொண்டிருந்தன. எதுவும் திரும்பவில்லை. குரல்கள் நீரின் மீது சிறிது தூரம் போய்ப் படுத்துக்கொண்டதைப் போல இருந்தது.

அப்போது படகின் அடியில் யாரோ தட்டினார்கள்.

கதவைத் தட்டுவதைப் போல. விரல் முட்டியால், மிதமாக, உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்ற கவனத்துடன். ஒரு தட்டல். காத்திருத்தல். மறுபடியும் ஒரு தட்டல். அந்த ஓசை ரோஷினியின் உள்ளங்காலில் ஏறியது. பிறகு நகர்ந்தது. டாரியஸின் கீழே. அலெக்சாண்டரின் கீழே. கடைசியாக அபிகேல் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே வந்து, அங்கேயே நின்றது.

"அம்மா," என்றாள் அபிகேல். "கீழ இருக்காரு."

படகின் விளிம்பில் ஒரு கை வந்து பற்றியது.

அது உலர்ந்திருந்தது.

சட்டைக் கையின் மடிப்பு கலையவில்லை. வாரிய தலை கலையவில்லை. அவர் ஏறி உள்ளே வந்தபோது படகு அந்தப் பக்கம் சாயவும் இல்லை. நால்வருக்கு நடுவே, பொட்டலங்களுக்கு முன்னால், சம்மணமிட்டு உட்கார்ந்தார். நெருக்கத்தில் அந்தப் பூச்சாடி வாடை மூச்சை அடைத்தது. அவருடைய கண்கள் இமைக்கவில்லை. ஆனால் உதடுகளில் விருந்துக்கு வந்தவரின் சிறு புன்னகை இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்கிறார்கள். அலெக்சாண்டர் சிரித்தார். "வாங்க… வாங்க சார். பயமுறுத்திட்டீங்களே." ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தார். கரண்டி எங்கோ விழுந்திருந்தது. ஆகவே தம் வலது கையாலேயே பிரியாணியை அள்ளி எடுத்தார்.

அந்த மனிதர் தட்டைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார்.

அந்த வாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

சோற்றை வாங்கிக்கொண்டது. சோற்றோடு விரல்களையும். அப்பளம் நொறுங்குவதைப் போன்ற ஓசை கேட்டது.

அலெக்சாண்டர் முதலில் கத்தவில்லை. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, விருந்தாளி சங்கடப்படுவாரே என்பதைப் போல ஒரு அரைப் புன்னகையுடன் தம் கையைப் பார்த்தார். உள்ளங்கைக்கு மேலே ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் இரத்தம் வந்தது. அதன் பிறகுதான் அவர் கத்தினார்.

அந்த மனிதர் உதடுகளை மூடிக்கொண்டு மென்றார். மிகவும் நாகரிகமாக. மென்று முடித்து, அடுத்ததை எதிர்பார்த்து நிமிர்ந்தார். ஒன்றும் வராததால் தாமே எடுத்துக்கொண்டார். மணிக்கட்டு. முழங்கை. அலெக்சாண்டரின் குதிகால்கள் படகின் தரையில் உதைத்துக்கொண்டன. பொட்டலங்கள் சிதறின. வெள்ளைச் சோறு சிவந்தது. டாரியஸ் துடுப்பை எடுத்துத் தன் பலம் முழுவதையும் கூட்டி அந்த முகத்தில் அடித்தான். முகம் உள்வாங்கிற்று, பிசைந்த மாவில் முட்டியை அழுத்தியதைப் போல. பிறகு மெல்ல உப்பித் தன் வடிவத்துக்குத் திரும்பியது. புன்னகையும் திரும்பியது. அடித்தான். திரும்பியது. அடித்தான். துடுப்பு முறிந்தது.

"விடுடா! எங்கண்ணன விடுடா!"

அலெக்சாண்டரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இழுத்தபோது கையில் வந்தது பாதிதான்.

இதை எழுதக் கூசுகிறது. மன்னிக்க வேண்டும்.

ரோஷினி மகளின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள். காதுகளை மூட அவளுக்குக் கைகள் போதவில்லை. அந்த ஓசைகளுக்கு நடுவே அவள் மனத்தில் ஒரு கேள்விதான் ஓடியது, பந்தியில் பரிமாறும் பெண்களுக்கு வரும் சாதாரணமான கேள்வி: இவர் எப்போது கையை மறித்துப் போதும் என்பார்? விருந்தாளி போதும் என்று சொல்லும்வரை பரிமாறுகிறவர் நிறுத்துவதில்லை. அது விருந்தாளி சொல்ல வேண்டிய சொல்.

அவள் வாய் தானாகவே கேட்டது. மருந்தகத்தில் கேட்கும் அதே மரியாதைக் குரல்.

"போதுங்களா?"

மெல்லுதல் நின்றது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக முகத்தைப் பார்த்தார். பிறகு, கேட்கச் சங்கடப்படுகிறவரைப் போலக் கண்களைத் தாழ்த்திக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக லேசாக அசைத்தார்.

இல்லை.

அவருடைய கை நீண்டது. அவளைத் தாண்டி. அபிகேலை நோக்கி.

டாரியஸ் நடுவில் விழுந்தான். அண்ணனின் அங்கியில் தொங்கிய கயிறறுக்கும் கத்தியை அவள் கையில் திணித்தான். அவன் முகம் முழுவதும் இரத்தம். அவனுடையது எது என்று தெரியவில்லை.

"பிள்ளயத் தூக்கிட்டுக் குதி!"

"டாரியஸ், நீ…"

"குதிடி!"

அவன் இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்தான். நீண்ட நாள் கழித்து வந்த உறவினரைத் தழுவுவதைப் போல. அது அவனுடைய தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டது. அவன் பிடியை விடவில்லை. அவன் முதுகின் உயிர்காப்பு அங்கி கிழிந்து வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. பிறகு பஞ்சுக்கு உள்ளே இருப்பது தெரிந்தது. அவன் இன்னும் பிடியை விடவில்லை.

அவள் குதித்தாள்.

நீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு நீந்தத் தெரியாது. அங்கி அவளை மேலே தள்ளியது. ஒரு கையில் கத்தி. ஒரு கையில் அபிகேலின் பட்டை. கால்களை உதைத்தாள். மீன்பண்ணை மிதவைகள் எங்கோ கறுப்புக் கோடாகத் தெரிந்தன. உதைத்தாள். பின்னால் டாரியஸின் குரல் ஒருமுறை கேட்டது. அதில் சொல் எதுவும் இல்லை. பிறகு படகு கவிழும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. தலைக்கு மேல் இன்னொரு விமானம், சன்னல்கள் தனித்தனியாகத் தெரியும் தாழ்வில், யாருக்காகவும் நிற்காமல் போயிற்று.

திரும்பிப் பார்க்கக் கூடாது. உதை. உதை.

அபிகேலின் முகம் பின்பக்கம் பார்த்திருந்தது.

"அம்மா, அப்பா வர்றாரா?"

"வருவார்மா. பாக்காத. கண்ண மூடிக்கோ."

"அப்பா வரல. அங்கிள் வர்றாரு."

"எங்க?"

"கீழ."

அபிகேல் அமிழ்ந்தாள்.

ஒரேயடியாக. அங்கியையும் மீறி. பட்டையில் சிக்கிய ரோஷினியின் விரல்களும் கூடவே போயின. உப்பு. பச்சை. காதுகளில் இரைச்சல். கண்களைத் திறந்தாள். பச்சை நீருக்குள் வெள்ளைச் சட்டை தெளிவாகத் தெரிந்தது. மடிப்புக் கலையாத சட்டை. அபிகேலின் வலது கை மணிக்கட்டு வரை அந்த வாய்க்குள் இருந்தது. சோறு நீட்டிய அதே கை. அது அவசரப்படவில்லை. கடித்துப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

கத்தியால் அந்தக் கன்னத்தில் குத்தினாள். கஞ்சியில் கரண்டி இறங்குவதைப் போல இறங்கியது. இழுத்தாள். வழி மூடிக்கொண்டது. கண்ணில் குத்தினாள். மூடிக்கொண்டது. கழுத்தை அறுத்தாள். அறுத்த இடம் அறுக்காத இடமாயிற்று. நீர் கறுத்துக்கொண்டே வந்தது. நெஞ்சு வெடித்தது. அபிகேலின் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. நிறைய. பிறகு கொஞ்சம்.

பிறகு ஒன்று.

அந்தக் கத்தியால் அதன் உடம்பில் எதையும் வெட்ட முடியவில்லை.

வெட்ட முடிந்தது ஒன்றுதான் இருந்தது.

பற்கள் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருந்தன. ரோஷினி மீதியைச் செய்தாள். மகளின் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு இழுப்பு. எலும்பின் மீது ஒரு சறுக்கல். மூட்டு எங்கே. இங்கே. ஒரு இழுப்பு.

விடுபட்டது.

இரண்டு அங்கிகளும் அவர்களை வெளிச்சத்துக்கு எறிந்தன.

அங்கியின் வாரைப் பற்களால் இழுத்து மகளின் கையைக் கட்டினாள். உதடுகளில் வாய் வைத்து ஊதினாள். இருமல். நீர். மறுபடி இருமல். மூச்சு. மூச்சு இருந்தது. அவள் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சொற்கள் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை.

மீன்பண்ணைப் படகு ஒன்று வந்தது. ரமீஸ் என்னும் ஊழியர் குனிந்து கைகளை நீட்டினார். "அக்கா, விடுங்க… பிள்ளய நான் பிடிச்சுக்கிட்டேன், விடுங்கக்கா." அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பட்டையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. கத்தியைப் பார்த்தார். குழந்தையின் கையைப் பார்த்தார். தம் சட்டையைக் கழற்றிச் சுற்றினார்.

மீன் செதில் ஒட்டிய படகுத் தரையில் அபிகேலைக் கிடத்தினார்கள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன. அவை அசைந்தன. ரோஷினி காதை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, என் கை."

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா. வலிக்காது."

"வலிக்கலம்மா." குழந்தை புருவத்தைச் சுருக்கினாள், புரியாத கணக்கைப் பார்ப்பவளைப் போல. "அது சோறு பிசையுது."

ரோஷினி நிமிர்ந்து கடலைப் பார்த்தாள்.

கவிழ்ந்த படகின் பக்கத்தில், கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவரைப் போல, அந்த மனிதர் நீரின் மீது சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சிவந்த சோறு மிதந்தது. அவர் தம் கைகளை மடியில் வைத்திருந்தார். சாப்பிட அவருக்குத் தம் கைகள் தேவைப்படவில்லை. அவருடைய மார்புக்கு முன்னால் ஒரு சிறிய கை, வேறு எதிலும் ஒட்டாமல், நீரின் மீது குனிந்து சோற்றைக் கூட்டியது. பிசைந்தது. விரல் நுனிகளால் உருட்டியது. சிந்தாமல் மெல்ல உயர்த்தி அவர் வாயருகே கொண்டுபோயிற்று.

அவர் வாயைத் திறந்தார்.

ரமீஸும் அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, இயந்திரத்தின் முழு வேகத்தையும் திறந்து கரையை நோக்கித் திரும்பினார்.

அன்று இழந்தவை: அலெக்சாண்டர், வயது ஐம்பத்து மூன்று. டாரியஸ், வயது நாற்பத்தொன்று. இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகு ஒன்று. கைபேசிகள் இரண்டு. சாப்பாட்டுப் பாத்திரங்கள். அபிகேலின் வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை.